ஊர்காண் காதையும் உலகம் சுற்றும் தமிழனும்: ஐரோப்பிய மாநகரைத் தனித்து நடந்து காணும் தமிழ்ப் பயண உரைநடை – ஒரு திறனாய்வு

1.0 முன்னுரை

தமிழ்ப் பயண இலக்கியத்தைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு வினாக்களோடு நின்றுவிடுகின்றன. ஆசிரியர் எந்தெந்த நாடுகளுக்குச் சென்றார் என்பது ஒன்று. அங்கிருந்து என்னென்ன செய்திகளைக் கொணர்ந்தார் என்பது மற்றொன்று. எவ்வளவு மெதுவாகச் சென்றார், தனியாகச் சென்றாரா, துணையோடு சென்றாரா என்னும் வினாக்கள் எழுவது அரிது. ஆயினும் ஒரு பயண நூலை நிலைபெறச் செய்வதில், சென்ற தொலைவைக் காட்டிலும் சென்ற வேகத்திற்கும் தனிமைக்கும் பெரும் பங்குண்டு என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

இக்கருத்தை நிறுவ ஐரோப்பிய மாநகரங்களில் தனித்து உலவிய இரு தமிழரின் எழுத்தும் பணியும் இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. ஒருவர் ஏ. கே. செட்டியார் (1911–1983). மற்றவர் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய சேவியர் தனிநாயகம் அடிகள் (1913–1980). இவ்விருவரையும் அளப்பதற்குரிய அளவுகோலைச் சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையிலிருந்து பெற முயல்கிறோம். இறுதியாக, இவ்வாய்வு பேரா மாநிலத்தின் ஜெலாப்பாங் போன்றதோர் ஊரில் பணியாற்றும் தமிழாசிரியருக்கு எவ்வகையில் பயன்படும் என்பது நோக்கப்படுகிறது.

2.0 ஊர்காண் காதை என்னும் முன்மாதிரி

மாநகரை வருணித்தல் தமிழுக்குப் புதியதன்று. 782 அடிகளைக் கொண்ட மதுரைக்காஞ்சி ஒரு பகலும் இரவுமாக மதுரையை நம் கண்முன் நிறுத்துகிறது. ஆனால் அங்கு நகரைக் காண்பவர் இன்னார் என்று சுட்டிக்கூற இயலாது. காண்பது புலவரின் கண். அது எங்கும் நிறைந்த கண். அதற்குக் கால் வலிப்பதில்லை, வழி தவறுவதுமில்லை.

சிலப்பதிகாரத்தின் பதினான்காம் காதையாகிய ஊர்காண் காதை இதனின்று வேறுபட்டது. கண்ணகியைக் கவுந்தியடிகளின் காவலில் விட்டு, தன் குல வணிகரைத் தேடிக் கோவலன் தனியனாக மதுரைக்குள் நுழைகிறான். கோட்டை வாயிலை யவனர் வாளேந்திக் காக்கின்றனர். அவன் கணிகையர் வீதியையும், மணிக்கடைத் தெருவையும், பொற்கடைத் தெருவையும், அறுவைக் கடைகளையும், கூலக் கடைகளையும் ஒவ்வொன்றாகக் கண்டு செல்கிறான். அவன் யாரோடும் நின்று உரையாடியதாக இளங்கோவடிகள் கூறவில்லை. கண்டு மகிழ்ந்தவன் மீண்டும் புறஞ்சேரிக்குத் திரும்புகிறான்.

இக்காதையில் மூன்று கூறுகள் ஒருங்கே அமைந்துள்ளன. முதலாவது தனிமை, இரண்டாவது மெதுமை, மூன்றாவது அயன்மை. அயலூரான் ஒருவன், துணையின்றி, கால்நடையாக நகரைக் காண்கிறான். நகரம் அவன் நடக்கும் வரிசையில் விரிகிறது. ஆகவே மணிகளின் இயல்புகளும் குற்றங்களும் கூலங்களின் பெருக்கமும் பட்டியலாக வந்தபோதிலும் நமக்குச் சலிப்புத் தோன்றுவதில்லை. பட்டியலுக்கு ஒரு நடையும், அந்நடைக்கு ஒரு மனிதனும் இருப்பதே அதற்குக் காரணம் எனலாம்.

இக்காதை மற்றோர் உண்மையையும் உணர்த்துகிறது. பொற்கடைத் தெருவைக் கண்டு மகிழ்ந்த கோவலன், அந்நகரின் பொற்கொல்லன் ஒருவனின் சூழ்ச்சியால் உயிரிழக்கிறான். அவன் நகரைக் கண்டான், அறியவில்லை. காண்டல் வேறு, அறிதல் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவை ஒரு பயண நூல் எவ்வளவு குறைக்கிறது என்பதே நாம் கேட்க வேண்டிய வினாவாகும்.

3.0 மேலைத் திறனாய்வின் உலாவியும் குடியேற்ற நாட்டு உலாவியும்

மேலைத் திறனாய்வில் மாநகரத்தில் தனித்து உலவுவோன் ஒரு தனி இலக்கிய மாந்தனாகவே கருதப்படுகிறான். 1853 முதல் 1870 வரை ஓஸ்மான் என்பாரின் திட்டத்தால் பாரிசு நகரம் இடித்துப் புதுக்கப்பட்ட காலத்தில் கவிஞர் போதலேர் இம்மாந்தனுக்கு உருக்கொடுத்தார். 1927 முதல் 1940 வரை வால்ட்டர் பெஞ்சமின் பாரிசின் கூரையிட்ட கடைவீதிகளைப் பற்றித் திரட்டிய குறிப்புகளில் இவ்வுலாவி நடுநாயகமாக நிற்கிறான். 1980இல் மிஷேல் த செர்த்தோ, நகரத்தை வரைபவர் திட்டமிடுவோரேயாயினும் அதற்குப் பொருள் தருபவர் நடப்போரே என்னும் கருத்தை முன்வைத்தார்.

இக்கோட்பாடுகள் நமக்குப் பயன்படுவனவே. எனினும் அவற்றை அப்படியே பொருத்திப் பார்ப்பது பொருந்தாது. பெஞ்சமின் காட்டும் உலாவி கூட்டத்தில் மறைந்துபோகக் கூடியவன். தான் காணப்படாமலே பிறரைக் காண்பவன். குடியேற்ற ஆட்சிக்கு உட்பட்ட நாட்டிலிருந்து இலண்டனுக்குச் சென்ற தமிழருக்கு அவ்வசதி இல்லை. தெருவில் இறங்கிய கணமே அவர் பிறர் கண்ணுக்குக் காட்சிப்பொருளாகிறார்.

டி. பி. பாண்டியன் 1897இலும் ஜி. பரமேஸ்வரன் பிள்ளை அக்காலத்தை ஒட்டியும் இங்கிலாந்தைப் பற்றிய தம் நூல்களை ஆங்கிலத்திலேயே எழுதினர். சென்னை மாகாணத்திலிருந்து சென்ற இவர்கள் ஆங்கிலேயரின் நகரத்தை ஆங்கிலம் அறிந்தோருக்கு, ஆங்கிலேயர் உள்ளிட்டோருக்கு, இந்தியக் கண்கொண்டு விளக்கினர். காண்போனும் கேட்போனும் ஒரே தெருவில் நிற்கும் இந்நிலையில் எழுத்து ஒருவகை மறுமொழியாக அமைந்துவிடுகிறது. தமிழில் எழுதப்பட்ட பயண நூலுக்கு இக்கட்டாயம் இல்லை. அது கோட்டையூருக்கும் யாழ்ப்பாணத்திற்கும் ஈப்போவுக்கும் பேசுகிறது. ஐரோப்பியர் அதனைப் படிக்கப்போவதில்லை என்னும் நிலையே அதற்கு ஓர் உரிமையைத் தருகிறது.

4.0 ஏ. கே. செட்டியார்: காத்திருப்போனின் நகரம்

கோட்டையூரில் பிறந்த ஏ. கே. செட்டியார் இரங்கூனில் 'தன வணிகன்' இதழின் ஆசிரியராக இருந்தவர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக் கலை பயின்றவர். 1937ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குச் செல்லும் கப்பலில் இருந்தபோது, காந்தியடிகளைப் பற்றி ஓர் ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்னும் எண்ணம் அவருக்குத் தோன்றியது. 1940இல் அப்படம் வெளிவந்தது. அதே ஆண்டில் வெளிவந்த 'உலகம் சுற்றும் தமிழன்' என்னும் நூலின் பெயர் அவருக்கே உரிய அடைமொழியாயிற்று. ஆவணப்படத்திற்காக அலைந்த வரலாற்றைப் பிற்காலத்தில் தம் 'குமரி மலர்' இதழில் அவர் எழுதினார். அது 'அண்ணல் அடிச்சுவட்டில்' என்னும் நூலாக 2003இல் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் வெளிவந்தது.

செட்டியாரின் எழுத்தைப் பற்றி இருவகைக் குறை கூறப்படுவதுண்டு. அவர் செய்திகளை அடுக்குகிறார் என்பது ஒன்று. தம்மைப் பற்றி ஒன்றும் கூறுவதில்லை என்பது மற்றொன்று. முதற்குறை ஆராயத்தக்கது. சுற்றுலாக் கையேட்டின் செய்திக்கும் செட்டியார் தரும் செய்திக்கும் வேறுபாடு உண்டு. கையேடு கட்டடத்தின் உயரத்தைக் கூறும். செட்டியார் உணவு விடுதியிலும் புகைவண்டியிலும் கப்பலிலும் கண்ட மனிதர்களைக் கூறுகிறார். அவர்தம் வாக்கியங்கள் சிறியவை. நகைச்சுவை அடங்கிய குரலில் வருவது. வியப்பை வியப்புக்குறியால் காட்டும் வழக்கம் அவரிடம் குறைவு. விரைந்து கடந்து செல்வோர்க்கு இவ்வகைச் செய்தி கிட்டாது.

இம்மெதுமைக்கு அவர் மேற்கொண்ட பணியும் காரணமாகும். காந்தியடிகளைப் பற்றிய படச்சுருள்கள் பல நாடுகளில் சிதறிக் கிடந்தன. அவற்றை வைத்திருப்போரைத் தேட வேண்டும். கடிதம் எழுத வேண்டும். மறுமொழிக்குக் காத்திருக்க வேண்டும். இலண்டனில், தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகளோடு உழைத்த போலக்கை அவர் சந்தித்தார். சுவிட்சர்லாந்தில் ரொமேன் ரோலானைக் காணச் சென்றார். இவ்வாறு தேடிச் செல்வோனுக்கு மாநகரம் நினைவுச்சின்னங்களின் தொகுதியாக அமைவதில்லை; முகவரிகளின் தொகுதியாக அமைகிறது. காந்தியடிகள் 1931இல் வட்டமேசை மாநாட்டிற்குச் சென்றபோது இலண்டனின் செல்வர் பகுதியைத் தவிர்த்து, கிழக்கு இலண்டனின் தொழிலாளர் பகுதியிலுள்ள கிங்ஸ்லி இல்லத்தில் தங்கினார் என்பதை இங்கு நினைவுகூரலாம். அவ்வடிச்சுவட்டைத் தேடும் ஒருவருக்கு இலண்டனின் நடுவிடமே இடம் மாறிவிடுகிறது. பேரரசின் தலைநகரத்துள் மற்றொரு நகரம் புலப்படத் தொடங்குகிறது.

அவருடைய தனிமையும் சிந்திக்கத்தக்கது. அக்கால நகரத்தார் இரங்கூனிலோ பினாங்கிலோ சிங்கப்பூரிலோ இறங்கினால் அங்கே கிட்டங்கி இருக்கும், ஊர்க்காரர் இருப்பர், தமிழ்ச் சோறு கிடைக்கும், தண்டாயுதபாணி கோயில் இருக்கும். கடல் கடந்தும் ஊரைவிட்டு நீங்காத பயணம் அது. ஐரோப்பிய மாநகரில் கிட்டங்கி இல்லை. கோவலன் தன் குல வணிகரைத் தேடி மதுரைக்குள் நுழைந்தான். வணிகக் குலத்தவரான செட்டியாரோ குலத்தவர் எவரும் இல்லாத நகருக்குள் நுழைந்தார். அவர்தம் எழுத்தில் சாதியும் ஊரும் பின்தள்ளப்பட்டுத் 'தமிழன்' என்னும் பெயர் முன்னிற்பதற்கு இத்தனிமையும் ஒரு காரணமாதல் கூடும்.

5.0 தனிநாயகம் அடிகள்: நூலகத்திற்குச் செல்லும் வழி

தனிநாயகம் அடிகளின் பயணம் வேறுவகையானது. 1930களில் உரோமையில் இறையியல் பயின்றவர் அவர். இத்தாலியம், போர்த்துக்கேயம், இசுப்பானியம், பிரெஞ்சு முதலிய மொழிகளை அறிந்தவர். ஆகவே ஐரோப்பிய நகரில் செட்டியாருக்கு வாய்க்காத ஒன்று அடிகளாருக்கு வாய்த்தது. தெருவின் பேச்சு அவருக்கு விளங்கியது. 'ஒன்றே உலகம்' என்னும் அவரது பயண நூல், தாம் சென்ற நாடுகளைத் தமிழ்ப் பண்பாட்டோடு இணைத்துக் காண்பது. நூலின் பெயரே அந்நோக்கத்தைப் புலப்படுத்துகிறது.

எனினும் அவருடைய மெதுமைக்குச் சிறந்த சான்று நூலகங்களில் அவர் ஆற்றிய பணியே. ஐரோப்பிய நூலகங்களிலுள்ள தமிழ்ச் சுவடிகளைப் பற்றி 1954இல் அவர் தம் 'தமிழ்க் கலாசாரம்' என்னும் ஆங்கில ஆய்விதழில் எழுதினார். லிஸ்பனில் 1554இல் உரோமன் எழுத்தில் அச்சிடப்பட்ட தமிழ்ச் சமய நூலையும், 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' முதலியவற்றையும் அறிஞர் உலகின் கவனத்திற்குக் கொணர்ந்ததில் அவர் பங்கு பெரிது. 1679இல் அச்சான அந்தாம் த புரோயென்சாவின் தமிழ்–போர்த்துக்கேய அகராதி வத்திக்கான் நூலகத்தில் இருந்தது. அதன் படியை 1966இல் மலாயாப் பல்கலைக்கழக வெளியீடாக அவர் பதிப்பித்தார். அதே ஆண்டு ஏப்ரலில் கோலாலம்பூரில் முதலாம் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு நிகழ்ந்தது.

இப்பணி விரைவுப் பயணத்தால் நிகழக்கூடியதன்று. பட்டியலில் தவறான தலைப்பின்கீழ்ப் பதிவான ஒரு நூலைக் கண்டெடுக்க நாள்கணக்கில் ஒரே மேசையில் அமர வேண்டும். மறுநாளும் அதே தெரு வழியே அதே நூலகத்திற்குச் செல்ல வேண்டும். சுற்றுலாப் பயணி ஒருமுறை காணும் வீதியை ஆய்வாளர் பலமுறை கடக்கிறார். காண்டல் அறிதலாக மாறும் இடம் இதுவே. செட்டியார் மாநகரில் மனிதர்களைத் தேடிக் காந்தியடிகளைக் கண்டார். அடிகளார் மாநகரில் நூல்களைத் தேடித் தமிழைக் கண்டார்.

ஆயினும் அடிகளாரின் நோக்கில் ஓர் எல்லையும் உண்டு. எங்குச் சென்றாலும் தமிழின் தடத்தைத் தேடும் கண், தமிழோடு தொடர்பற்றதைக் கடந்து செல்லக்கூடும். அயலகத்தில் நம்மைக் காண்பது பெருமையே. அயலாரை அயலாராகவே காண்பதும் பயணத்தின் கடமையன்றோ? பிற்கால மேடைப் பேச்சுகளும் சிறுநூல்களும் அடிகளாரின் உழைப்பை விடுத்து, தடம் தேடும் ஆர்வத்தை மட்டும் எடுத்துக்கொண்டமை இவ்வெல்லையின் விளைவே எனத் தோன்றுகிறது.

6.0 காணப்படாதவை

இவ்விரு எழுத்தாளரையும் போற்றும் அதே வேளையில், இம்மரபு காணாமல் விட்டவற்றையும் குறிப்பிட வேண்டும்.

முதலாவது, 'நான்' என்பதன் மறைவு. செட்டியார் தம்மை ஒதுக்கிக்கொண்டது அடக்கத்தின் பாற்பட்டது. அவர் நடையின் அழகுக்கும் அதுவே அடிப்படை. ஆனால் 1937இல் ஐரோப்பியத் தெருவில் தனியே நடந்த ஒரு தமிழரின் உடல் பெற்ற அனுபவத்தை, அதாவது குளிரை, பிறர் பார்வையை, அறை கேட்டு நின்ற வாயிலை, நாம் விரிவாக அறிய இயலாமற் போனதற்கும் அதுவே காரணம். அடக்கம் என்னும் பண்பு ஒரு வரலாற்றுச் சான்றை நமக்கு இல்லாமற் செய்துவிட்டது.

இரண்டாவது, பெண். ஊர்காண் காதையில் கோவலன் நகர் காணச் செல்ல, கண்ணகி காவலில் வைக்கப்படுகிறாள். பின்னர் அவளும் மதுரையின் தெருக்களில் தனியே நடக்கிறாள். ஆனால் அது கையில் சிலம்போடும் கண்ணில் நீரோடும் நீதி கேட்டு நடந்த நடை. அதன் முடிவில் நகரம் எரிகிறது. ஆணின் நகர்நடை மகிழ்ச்சிக்கும் பெண்ணின் நகர்நடை பேரிழப்புக்கும் உரியதாக நம் காப்பியத்தில் அமைந்துள்ளது. பெண்ணொருத்தி எவ்விதக் காரணமுமின்றி, வேடிக்கை பார்த்தவாறு மாநகரில் நடப்பதற்கு நம் மரபு தந்த சொற்கள் மிகச் சில.

மூன்றாவது, தொழிலாளி. செட்டியார் ஐரோப்பாவில் அலைந்த அதே ஆண்டுகளில் தமிழர் கூட்டங்கூட்டமாக நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி மலாயாவுக்கு வந்துகொண்டிருந்தனர். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது. பின் தொடர்ந்த கங்காணி முறை, உடலுழைப்புத் தொழிலாளர் உதவி பெற்றுக் குடியேறுவதை 1938இல் இந்திய அரசு தடை செய்ததோடு முடிவுற்றது. அவர்களும் பயணிகளே. ஆயினும் அவர்கள் தனித்து வரவில்லை. கங்காணியின் பட்டியலில் வந்தனர். மெதுவாக நடக்க அவர்களுக்கு உரிமையில்லை. விடியுமுன் பெரட்டுக்கு நிற்க வேண்டும். பின்னர் நிரை நிரையாக மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்ட வேண்டும். ஐரோப்பிய உலாவியைக் காட்டிலும் மிகுதியாக நடந்தவர்கள் அவர்கள். எனினும் அந்நடை எந்தப் பயண நூலிலும் இடம்பெறவில்லை.

7.0 ஜெலாப்பாங்கிலிருந்து நோக்கும்போது

ஈப்போவை ஒட்டிய ஜெலாப்பாங் என்னும் பெயர் நெடுந்தொலைவுப் பயணிகள் பலருக்கு ஒரு சுங்கச்சாவடியின் பெயராகவே அறிமுகமானது. வடக்கு–தெற்கு விரைவுச்சாலையின் அச்சாவடி 2009இல் அகற்றப்படும் வரை, கார்கள் வரிசையில் நிற்கவும் கட்டணம் செலுத்தவும் கடந்து செல்லவும் உரிய இடமாகவே அது இருந்தது. அங்கு வாழ்வோருக்கு அது ஊர். விரைவோருக்கு அது ஒரு தாமதம். வேகம் ஓர் ஊரை எவ்வாறு இல்லாததாக்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நம் மாணவர் எழுதும் சுற்றுலாக் கட்டுரைகள் பலவும் இவ்விரைவுச்சாலை நடையிலேயே அமைந்துள்ளன. காலையில் பேருந்து புறப்படும், மதியம் உணவு உண்பர், படம் எடுப்பர், மாலையில் களைப்போடும் மகிழ்ச்சியோடும் வீடு திரும்புவர். ஊர்ப்பெயரை மாற்றினால் கட்டுரை மாறாது. இக்குறைக்கு மாணவரின் மொழித்திறனைக் காரணமாகக் கூறுவது எளிது. உண்மையில் அவர்களுக்குக் கற்பிக்கப்படாதது மொழியன்று. நின்று காணும் முறையே.

அம்முறையைக் கற்பிக்க இலண்டனோ லிஸ்பனோ தேவையில்லை. ஜெலாப்பாங்கிலிருந்து சிலிபின், புந்தோங் வழியாக ஈப்போ இரயில் நிலையம் வரையுள்ள பகுதி ஒரு மாணவர் பல நாளாகப் பகுத்துக்கொண்டு நடந்து காணத்தக்கது. புந்தோங்கில் கச்சாங் பூத்தே தயாரிக்கும் வீடுகளை மணத்தால் அறியலாம். 1917இல் ஹப்பக்கின் வடிவமைப்பில் எழுந்த இரயில் நிலையத்தின் மாடங்களிலும், பழைய நகரில் 1909இல் நிறுவப்பட்ட பர்ச் நினைவு மணிக்கூண்டிலும் ஐரோப்பிய மாநகரின் ஒரு துண்டு இங்கேயே நிற்கிறது. அதன் முன் நின்று, இதனை யார் கட்டினர், யார் கல் சுமந்தனர், தண்டவாளத்தை யார் இட்டனர் என்று கேட்கும் மாணவர், காண்டலிலிருந்து அறிதலை நோக்கி ஓர் அடி வைத்தவராகிறார். தாமான்களாகிவிட்ட முன்னாள் தோட்டங்களில் நிரையாக நடந்த பாட்டியின் நடையையும் அவர் எழுதக்கூடும். இம்முறை அந்நடை அவர் விரும்பியவாறு மெதுவாகவே அமையலாம்.

மாணவியரைப் பொறுத்தவரை இங்கு ஒரு நடைமுறைத் தடை உண்டு. தனியே நடந்து காண அவர்களை அனுப்பப் பெற்றோர் தயங்குவர், அத்தயக்கம் பொருளற்றதன்று. அதற்காக அவர்களைப் பேருந்துக் கட்டுரைக்குத் திருப்பியனுப்புவது தீர்வாகாது. இருவராக நடந்து, தனித்தனியே எழுதச் செய்யலாம். ஒரே தெருவை இருவர் கண்ட விதம் வேறுபடுவதை வகுப்பில் படித்துக் காட்டினால், திறனாய்வின் முதற்பாடமும் அங்கேயே தொடங்கிவிடும்.

8.0 முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ஐரோப்பிய மாநகரைப் பற்றிய தமிழ்ப் பயண உரைநடையின் வலிமை அது தரும் செய்தியின் அளவில் இல்லை என்பதும், தனிமையும் மெதுமையும் அயன்மையும் கூடிய நோக்கிலேயே உள்ளது என்பதும் தெளிவாகின்றன. அந்நோக்கிற்கு ஊர்காண் காதையில் நமக்கு ஒரு பழைய வேர் உண்டு. ஏ. கே. செட்டியார் அதனை மனிதரைத் தேடும் நடையாகவும், தனிநாயகம் அடிகள் நூலைத் தேடும் நடையாகவும் வளர்த்தனர். இருவரும் விட்டுச்சென்ற இடைவெளிகள் மூன்று: தன்னைக் கூறுதல், பெண்ணின் நடை, உழைப்போரின் நடை. இம்மூன்றையும் எழுதுவதற்கு மலேசியத் தமிழருக்குத் தனித்த தகுதியுண்டு. அவர்தம் முன்னோர் கடல் கடந்த பயணத்தை அவர்களுக்காகப் பிறர் எழுதி முடித்துவிடவில்லை.

பயணக் கட்டுரையைப் பாடத்திட்டத்தின் ஓர் உட்பிரிவாக மட்டும் கருதாமல், கண்ணையும் காலையும் பயிற்றுவிக்கும் துறையாகத் தமிழாசிரியர்கள் கருதுவார்களாயின், அடுத்த 'உலகம் சுற்றும் தமிழர்' ஒருவர் தம் ஊரின் தெருவிலிருந்தே புறப்படக்கூடும்.